பூட்டாத ஊஞ்சல்

இலக்கியாவின் வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா இருந்தது. பொன்னிக்கு அது பிடிக்கவில்லை.

பூங்கா பிடிக்காமல் இல்லை. அது இலக்கியாவின் வீட்டுக்கு எதிரே இருந்ததுதான் பிடிக்கவில்லை.

இருவரும் ஆறாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தென்றல் நகர். அங்கே இலக்கியா வீடு. வலப்பக்கம் திரும்பினால் மேட்டுக் காலனி. அங்கே பொன்னி வீடு. நடுவில் ஒரு வாய்க்கால். அவ்வளவுதான் தூரம்.

காலையில் பையைக் கீழே வைக்கும் முன்பே இலக்கியா தொடங்கிவிடுவாள்.

“நேத்து ஊஞ்சல்ல எவ்ளோ உசரம் போனேன் தெரியுமா? வேப்ப மரத்து இலைய காலாலயே தொட்டேன்டி.”

“அப்டியா” என்பாள் பொன்னி, பேனா மூடியைக் கடித்தபடி.

“ஒட்டகச்சிவிங்கிக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க.”

“அப்டியா.”

சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி அது. முதுகில் ஏறிக் கழுத்து வழியாகச் சறுக்கலாம். பொன்னி அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே போனதில்லை. அந்த வருடம் அவளுடைய எந்தப் பேனாவுக்கும் ஒழுங்கான மூடி இல்லை.

காலனியிலும் ஒரு திடல் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நல்ல அகலமான திடல். ஆனால் ஊரில் எங்கே வீடு இடித்தாலும் அந்த உடைசல் டிராக்டரில் ஏறி இங்கேதான் வந்து சேரும். உடைந்த ஓடு, செங்கல், கழிப்பறைப் பீங்கான், எல்லாம் குவிந்து கிடக்கும். அதற்கு நடுவில்தான் பிள்ளைகள் ஓடினார்கள். கல்யாணமானாலும் சாவானாலும் பந்தல் போடுவதும் அங்கேதான்.

போன மாதம் பொன்னியின் தம்பி கதிரவன் அங்கே ஓடும்போது தடுக்கி விழுந்தான். ஓட்டுச் சில்லு தாடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் போடும்போது கூட அவன் அழவில்லை. காயம் ஆறும் வரை ஐஸ் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அழுதான்.

“நம்மளும் தென்றல் நகர் பார்க்குக்குப் போலாம்க்கா” என்றான் மறுநாள். “அங்க மண்ணு மெத்துனு இருக்கும்.”

போகலாம்தான். எப்போது போவது?

பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் போட வேண்டும். பிறகு சோறு வடிக்க வேண்டும். கதிரவனைக் குளிப்பாட்ட வேண்டும். அப்பா சாமிக்கண்ணு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். விடியுமுன் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார் என்பதால் சாயங்காலம் தூங்குவார். அவரை எழுப்பக் கூடாது. அம்மா ஜெயராணி கட்டட வேலையில் சித்தாள். கலவைச் சட்டி தூக்கி, கை கால் கழுவி, பஸ் பிடித்து வீடு வர ஏழு மணி ஆகிவிடும்.

அம்மா வந்த பிறகுதான் பொன்னிக்கு விடுதலை. காலனியில் எல்லா வீட்டிலும் இதே கதை. அதனால் மேட்டுக் காலனியில் விளையாட்டு என்பதே ஏழு மணிக்கு மேல்தான் தொடங்கும்.

ஒரு நாள் அம்மா கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். பொன்னி கதிரவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பூங்காவின் கேட்டை அடைந்தபோது மூச்சு வாங்கியது.

உள்ளே இலக்கியா ஊஞ்சலில் இருந்தாள்.

“எந்தத் தெரு?” என்று கேட்டார் காவலாளி பொன்னுரங்கம். கேட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டிருந்தார்.

“மேட்டுக் காலனி.”

“எந்தத் தெருவா இருந்தாலும் மணி ஆயிடுச்சு, பாப்பா.” விசிலை எடுத்து நீளமாக ஊதினார். “ஏழு மணிக்குப் பூட்டணும். எனக்கு வேற வேல இல்லன்னு நெனச்சியா?”

நடந்துகொண்டிருந்த பெரியவர்கள் வெளியே வந்தார்கள். இலக்கியா தன் வீட்டுக் கட்டிலிலிருந்து இறங்குவதைப் போல ஊஞ்சலிலிருந்து இறங்கினாள். அந்த இறக்கத்தைப் பார்த்ததும் பொன்னிக்கு வயிறு எரிந்தது.

“ஏய் பொன்னி! நாளைக்கு அஞ்சு மணிக்கு வாடி” என்று கத்தினாள் இலக்கியா.

ஐந்து மணிக்கு! தண்ணீர் வரும் நேரத்துக்கு! வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்தாள் பொன்னி. திரும்பி வரும் வழியெல்லாம் கதிரவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும், கவுன்சிலர் சந்திரலேகா காலனிக்கு வந்தார். கூடவே இன்ஜினியர் வைத்திலிங்கம். திடலில் ஆடுகளும், மார்க்கெட்டிலிருந்து திரும்பிய சில ஆண்களும், பிள்ளைகளும் இருந்தார்கள்.

“பார்க்கே இல்லாத எடத்துக்கெல்லாம் முதல்ல பார்க்குனு மன்றத்துல முடிவு பண்ணிருக்கோம்” என்றார் கவுன்சிலர். “அதுல உங்க காலனியும் இருக்கு.”

“இத்தினி வருசமா ஏங்க இல்ல?” என்று கேட்டார் சாமிக்கண்ணு.

இன்ஜினியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நகர்னா பிளாட் போடறப்பவே பார்க்குக்குனு ஒரு எடம் விட்டுடணும். அது சட்டம். இங்க யாரும் பிளாட் போடலையே.”

“பிளாட் போட்டிருந்தா அத வாங்க நாங்க எங்க சார் போறது?”

ஆண்கள் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்துவிட்டார்.

“பசங்களா, உங்களுக்கு எப்படிப் பார்க் வேணும்?” என்று குனிந்து கேட்டார் கவுன்சிலர்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னி முன்னால் வந்துவிட்டாள்.

“தென்றல் நகர்ல இருக்கற மாதிரியே வேணும்க்கா. அச்சு அசல் அதே மாதிரி. ஒண்ணும் கொறையக் கூடாது.”

“ஒட்டகச்சிவிங்கி!” என்றான் கதிரவன்.

“அதுவும்.”

“நல்லதா போச்சு. அந்த பிளானே கையில இருக்கு” என்றார் இன்ஜினியர். எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னி நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் பள்ளியில் அவள்தான் முதலில் பேசினாள்.

“எங்க காலனிக்கும் பார்க் வருது.”

“நெஜமாவா!” என்றாள் இலக்கியா.

“உங்களுத விட பெருசு. ஒட்டகச்சிவிங்கி ரெண்டு.”

“ரெண்டு எதுக்குடி?”

பொன்னி அதை யோசித்திருக்கவில்லை. “ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு வேணாமா?” என்றாள். அன்று முழுவதும் பேனா மூடியைக் கடிக்கவில்லை.

வேலை தொடங்கியது. பொக்லைன் வந்து உடைசலை அள்ளியது. அந்த ஒரு நாளிலேயே திடல் இரண்டு மடங்கானதுபோல் தெரிந்தது. பிள்ளைகள் மூன்று நாள் வெறும் காலில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு சுற்றிலும் குழி தோண்டினார்கள். அதன் பிறகு வேலிக்கான இரும்புக் கம்பிகள் வந்தன. ஒரு பெரிய கேட்டும் வந்தது. கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. கடைசியாக ஒரு பலகை வந்தது.

அதைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் கதிரவன் எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் காலம் அது. பலகையின் முன்னால் உட்கார்ந்து உரக்க வாசித்தான்.

“கா… லை ஐந்து முதல் எட்டு. மா… லை நான்கு முதல் ஏழு. பந்து விளை… யாடக் கூடாது. சைக்கிள் கூடாது. உணவு கூடாது. விழா… க்கள் நட… த்தக் கூடாது.” திரும்பிப் பார்த்தான். “அக்கா, என்னதான் கூடும்?”



அப்போதுதான் வேலையிலிருந்து வந்த ஜெயராணி, தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். “நான் வர்ற நேரத்துக்குப் பூட்டிடுவாங்களா? நல்லா இருக்கு.”

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. “தை மாசம் எம் பொண்ணு கல்யாணம். பந்தல எங்க போடறது, என் தலை மேலயா? இருந்த எடத்துக்கும் பூட்டா? யாரு கேட்டாங்க இப்படி ஒரு பார்க்க?”

எல்லோரும் பொன்னியைப் பார்த்தார்கள்.

பொன்னி தரையைப் பார்த்தாள். தென்றல் நகர் மாதிரியே கேட்டாள். ஒன்றும் குறையக் கூடாது என்றாள். இன்ஜினியர் ஒன்றையும் குறைக்கவில்லை. பூட்டைக் கூட.

அன்று இரவு சாப்பிடும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. நாளை இலக்கியா கேட்பாள். ‘எங்க பார்க் மாதிரியே வந்துடுச்சா?’ என்று கேட்பாள். என்ன சொல்வது?

இலக்கியா கேட்கவும் செய்தாள்.

“கேட்டு வந்துடுச்சாமே! எப்ப தொறக்கறாங்க?”

“தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? ஏழு மணிக்குப் பூட்டிடுவாங்க.” பொன்னி பேனா மூடியைக் கடித்தாள். “உனக்கென்ன? சாயங்காலம் பூரா ஊஞ்சல்லயே இருப்ப.”

“பூராவா?” இலக்கியா அவளை விநோதமாகப் பார்த்தாள். “அஞ்சுலருந்து ஆறரை வரைக்கும் டியூஷன்டி. அன்னிக்கு ஒரு நாள் அஞ்சு மணிக்கு வானு சொன்னேனே, அப்ப டீச்சர் ஊருக்குப் போயிருந்தாங்க. மத்த நாளெல்லாம் அரை மணி நேரந்தான்.”

“அரை மணி நேரமாவது ஆடறல்ல?”

“தனியா ஆடுவேன். பந்து எடுத்துட்டுப் போனா வாக்கிங் தாத்தாங்க திட்டுவாங்க. ஓடுனா திட்டுவாங்க. சிரிச்சாலும் திட்டுவாங்க.” இலக்கியா குரலைத் தாழ்த்தினாள். “நைட்டு உங்க காலனில விளையாடற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும். எங்கப்பா ஜன்னல சாத்திடுவாரு. நான் பாத்ரூம்ல போய் நின்னு கேப்பேன்.”

“பாத்ரூம்லயா?”

“அந்த ஜன்னலுக்குக் கதவு இல்ல.”

பொன்னிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கியதில் விக்கல்தான் வந்தது.

விக்கிக்கொண்டே யோசித்தாள். காலனி விளையாடும் நேரம் இலக்கியாவுக்குத் தெரிகிறது. அவள் அப்பாவுக்கும் தெரிகிறது. கவுன்சிலருக்குத் தெரியுமா? அவர் வந்தது காலை பதினொரு மணி. இன்ஜினியர் அளவெடுக்க வந்ததும் அதே பதினொரு மணிதான். அவர்களைப் பார்க்கக் கூடியவர்களை விட்டால், அந்த நேரம் திடலில் ஆடுகளைத் தவிர யார் இருப்பார்கள்?

பள்ளி விட்டதும் நேராகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள். ரேஷன் கடைக்கு அடுத்த வீடு. சந்திரலேகா வாசலில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா?”

“எங்க பார்க்கை வந்து பாருங்கக்கா.”

“நாளைக்குக் காலைல வரேன்.”

“காலைல வேணாம்க்கா. காலைல ஆடுங்கதான் இருக்கும். அதுங்க எதுவும் சொல்லாது. இன்னிக்கு ராத்திரி ஏழரைக்கு வாங்க. இன்ஜினியர் சாரையும் கூட்டிட்டு வாங்க.”

கவுன்சிலர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். “ஆபீஸ் முடிஞ்சப்புறம் அவரு வர மாட்டாரே.”

“ஆபீஸ் முடிஞ்சப்புறம்தான்க்கா நாங்க வெளியவே வருவோம்.”

 “வரேன் போ” என்றார் சந்திரலேகா.

வருவாரா என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. “அரசியல்காரங்க வரேன்னு சொன்னா தேர்தலுக்குத்தான் வருவாங்க” என்றாள் கொளஞ்சியம்மாள். ஏழரை ஆனது. யாரும் வரவில்லை. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, ரயில்வே கேட்டு மூடியிருந்ததால் மாட்டிக்கொண்ட ஜீப் ஒன்று காலனிக்குள் நுழைந்தது.

இறங்கிய இன்ஜினியருக்கு நிற்க இடமில்லை.

ஒற்றைத் தெருவிளக்கின் வெளிச்சத்திலும், ஓர் ஆட்டோவின் முகப்பு விளக்கிலும் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் திடலில் இருந்தார்கள். ஒரு பக்கம் கபடி. ஒரு பக்கம் பந்து. சைக்கிள் ஓட்டப் பழகும் இரண்டு பெண்கள் யார் மீதாவது மோதிக்கொண்டே இருந்தார்கள். சித்தாள் வேலைக்குப் போய் வந்த பெண்கள் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பிடித்துவிட்டார்கள். யாரோ மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தன் மேல் வந்து விழுந்த பந்தை இன்ஜினியர் இரண்டு கையாலும் பிடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

திடீரென்று யாரோ “ப்பீ…ப்” என்று கத்த, ஒரு கூட்டம் பிள்ளைகள் அப்படியே சிலையாக நின்றார்கள். கதிரவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நடந்தான்.

“மணி ஆயிடுச்சு! எல்லாம் வெளிய போங்க! எனக்கு வேற வேல இல்லன்னு நெனச்சீங்களா?”

“இது என்ன விளையாட்டு?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“வாட்ச்மேன் விளையாட்டு சார்” என்றான் கதிரவன். “பார்க் தொறந்தப்புறம் இதான் விளையாட முடியும்.”

கவுன்சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இன்ஜினியர் பந்தைக் கீழே வைத்தார்.

பொன்னி முன்னால் வந்தாள். இந்தத் தடவை நிமிர்ந்து நிற்கவில்லை. ஆனாலும் நின்றாள்.

“அக்கா, நான் தப்பா கேட்டுட்டேன். இலக்கியா பார்க் மேல எனக்குப் பொறாமை. அதான் அதே மாதிரி வேணும்னு சொல்லிட்டேன். எங்களுக்கு ஊஞ்சல் மட்டும் அதே மாதிரி போதும். பூட்டு வேணாம். ராத்திரிக்கு லைட்டு வேணும். குடிக்கத் தண்ணி வேணும். ஒரு பக்கம் பந்தல் போட எடம் வேணும்.”

“வேலி?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“டிராக்டர் உள்ள வராத அளவுக்குக் கட்டச் சுவரு போதும் சார். அதுல அம்மாங்க உக்காரலாம்.”

“பூட்டு இல்லன்னா ஊஞ்சல் சங்கிலியக் கழட்டிட்டுப் போய்டுவாங்களே. யாரு காவல்?”

சாமிக்கண்ணு எழுந்து வந்தார். “சார், நாங்க மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கெளம்பறோம். நாங்க போறப்ப துறைமுகத்துப் பக்கம் மீன் எடுக்கப் போற பொம்பளைங்க எழுந்துடுவாங்க. அவுங்க போனா துப்புரவு வேலைக்குப் போறவுங்க. மில்லுல நைட்டு ஷிப்ட் பாக்கறவுங்க அப்பதான் வந்து படுப்பாங்க. இந்தக் காலனி மொத்தமும் ஒண்ணாத் தூங்குன நாளே கெடையாது. எந்தத் திருடன் வருவான்?”

“வந்தா அவனையும் மூட்டை தூக்க வுட்டுருவோம்” என்றார் இன்னொருவர்.

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். “எல்லாம் சரி மேடம். ஆனா பார்க்குனா வேலி, கேட்டு, நேரம்னு ரூல் இருக்கே. எல்லா பார்க்குக்கும் ஒரே ரூல்.”

“அந்த ரூல யாரு போட்டது?”

“மன்றத்துல தீர்மானம் போட்டது மேடம்.”

“மன்றம்னா யாரு?”

இன்ஜினியர் தயங்கினார். “நீங்கதான் மேடம். நீங்களும் மத்த கவுன்சிலருங்களும்.”

“அப்போ அங்க போய் நான்தான் சண்ட போடணும்” என்றார் சந்திரலேகா. “தூங்கற நேரத்துல தொறந்து, முழிச்சிருக்கற நேரத்துல பூட்டறதுக்கு எதுக்கு ஒரு பார்க்கு?”

சண்டை போட்டார். ஒரே கூட்டத்தில் முடியவில்லை. முதல் கூட்டத்தில், ஒரு பகுதிக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள் மற்ற கவுன்சிலர்கள். கேட்கட்டுமே என்றார் சந்திரலேகா. அடுத்த கூட்டத்தில்தான் தீர்மானம் மாறியது. இனி எந்தப் பகுதியில் பூங்கா வந்தாலும், திறக்கும் நேரத்தை அந்தப் பகுதி ஆட்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கேட்கப் போகிறவர்கள், ஆட்கள் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் போக வேண்டும்.

கேட்டும் வேலிக் கம்பிகளும் வந்த வழியே திரும்பிப் போயின. கட்டைச் சுவர் வந்தது. குழாய் வந்தது. ஊஞ்சல் இரண்டு வந்தன. விளக்கு மட்டும் வருவேனா என்று இழுத்தடித்து, கொளஞ்சியம்மாள் பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எரிந்தது. ஒட்டகச்சிவிங்கி ஒன்றுதான் வந்தது. வண்டியில் ஏற்றும்போது அதற்கு ஒரு காது உடைந்துவிட்டது. கதிரவன் தன் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டு, “தையல் போட்டா சரியாயிடும்” என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பொன்னி ஊஞ்சலில் இருந்தாள். வேப்ப மரம் எதுவும் இங்கே இல்லை. காலால் தொட இலை இல்லை. ஆனால் மேலே போகும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்றல் நகர்ப் பூங்கா இருட்டாகத் தெரிந்தது. அதன் பூட்டும் தெரிவதுபோல் இருந்தது.

கட்டைச் சுவருக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. இலக்கியாவின் அப்பா பாலகுமார் அதில் உட்கார்ந்தபடியே கைபேசியைப் பார்த்தார். இலக்கியா ஓடிவந்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றாள். எவ்வளவோ கெஞ்சி வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பொன்னி பார்க்காததுபோல் இன்னும் சில ஆட்டம் ஆடினாள். இலக்கியா ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் துப்பட்டாவின் நுனி. அதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடி எப்படிப்பட்டது என்று பொன்னிக்கு நன்றாகத் தெரியும். காலைத் தரையில் ஊன்றினாள். ஊஞ்சல் நின்றது.

“எந்தத் தெரு?” என்று கேட்டாள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

இலக்கியா துப்பட்டாவை விட்டாள். “தென்றல் நகர்” என்றாள் மெல்ல.

“எந்தத் தெருவா இருந்தாலும்…” பொன்னி இழுத்தாள். பிறகு இறங்கினாள். “ஏறு.”

இலக்கியா தாவி ஏறினாள். பொன்னி பின்னாலிருந்து தள்ளினாள். கொஞ்சம் கூடுதலாகவே தள்ளினாள். வயிற்றெரிச்சல் என்ன, ஒரே நாளில் போய்விடுமா?

“ஐயோ! மெதுவாடி! எங்க பார்க்குல இவ்ளோ வேகமா ஆடவே ஆடாது!”

“எங்க ஊஞ்சல் இப்படித்தான் ஆடும்” என்றாள் பொன்னி. இன்னொரு தள்ளு தள்ளினாள்.